உயிர் காலேஜும் செத்த காலேஜும்

திருகோணமலையிலிருந்து சென்னை ராயபுரத்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கேயும் தமிழ்தான். ஆனாலும் கடையில் சவுக்காரம் என்று கேட்டால் முழிப்பார்கள், சோப் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.

கீழ்வீட்டு ஆயா ஒருநாள் சொன்னார்: "லீவுல புள்ளைங்கள வூட்டுல அடைச்சி வெக்காத பாப்பா. உயிர் காலேஜ், செத்த காலேஜ் ரெண்டயும் ஒரு தபா காட்டு."

எனக்கு விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட்டது: நாங்கள் மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை என்பதைத்தான் சொல்கிறார். 1851இல் மியூசியம் தொடங்கியது ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தில். காலேஜ் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதாம். எழும்பூருக்கு மாறிய பிறகு, 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார்கள். அப்புறம் அவை சென்ட்ரல் பக்கம் போயின. சின்ன வயதில் ஆயா அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தது அங்கேதான். 1985இல் வண்டலூருக்குப் போனதும் அவர் பார்க்கவே இல்லை. "அம்மாந்தூரம் யாரு இட்டுனு போவா?"

சரி, நீங்களும் வாங்க ஆயா என்று கூட்டிக்கொண்டோம்.

இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருப்பது பெரிய வசதி. பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறி வண்டலூர், திரும்பும்போது எழும்பூர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேண்டாம். செவ்வாயில் வண்டலூர் லீவு, வெள்ளியில் மியூசியம்.

வண்டலூர் 602 ஹெக்டேர் காடு. பேட்டரி வண்டியில் உட்கார்ந்த ஆயா, "கூண்டு எங்கமா?" என்று தேடிக்கொண்டே வந்தார். அகழிக்கு அந்தப் பக்கம் மர நிழலில் சிங்கம் படுத்திருந்ததை அவரால் நம்ப முடியவில்லை. என் மகளோ புள்ளிமானை விட்டு நகரவில்லை. ஊரில் கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாக ஏறும்போது மான்கள் பக்கத்திலேயே வரும். வாழைப்பழத் தோலை நீட்டினால் ஈர மூக்கு உள்ளங்கையில் படும். இங்கே இடையில் வேலி. "எங்கட மான், அம்மா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "ரோட்டுல மானா?" என்று ஆயா அவளை மடியில் இழுத்துக்கொண்டு முழுக்கதையும் கேட்டார்.

எழும்பூர் சேரும்போது மூன்று மணி. வெண்கலச் சிலைக் கூடத்தில் ஆயா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரருக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்ததும், "எங்க வூட்டுக்காரரு கடல்ல பாத்தேன்னு சொல்வாரு, நான்தான் நம்பல" என்றார்.

இரவு மகள் ஊருக்குப் போன் எடுத்தாள். "அம்மம்மா, இண்டைக்கு நாங்கள் செத்த காலேஜுக்குப் போனனாங்கள்!"

மறுமுனையில் அம்மம்மா பதறிவிட்டார். "ஆற்ற செத்தவீடு பிள்ளை?"

"ஐயோ, இல்ல அம்மம்மா" என்று மகள் ஆயாவின் குரலிலேயே விளக்கத் தொடங்கினாள்.