ஒரு குவளை எண்ணெய்

வண்டி புறப்பட்டுப் போய் முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான், வேலை மேசையின் ஓரத்தில் இருந்த கியர் ஆயில் புட்டியின் முத்திரை உடையாமல் இருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த அளவுக் குவளையும் துடைத்து வைத்தபடியே காய்ந்து கிடந்தது. அந்த மோட்டார் சைக்கிளின் ஷாஃப்ட் டிரைவில் (செயினுக்குப் பதில் ஒரு தண்டு வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பில்) இருந்த பழைய எண்ணெயை வடித்தவன் நான். எண்ணெய் வடிக்கும் கீழ் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்கியவனும் நான். இடையில் வேறொரு வண்டிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வந்தபோது, உடன் வேலை செய்பவர் எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட்டையும் மூடி, சக்கரத்தைத் துடைத்து, வண்டியை வாசலுக்குத் தள்ளியிருந்தார். இறுக்கமாக இருந்த இரண்டு போல்ட்டுகளையும் பார்த்துவிட்டு, எண்ணெய் ஊற்றியது மற்றவர்தான் என்று நாங்கள் இருவருமே எண்ணிக்கொண்டோம்.

சோதனை ஓட்டத்திலும் எதுவும் தெரியவில்லை. எண்ணெயை முழுவதும் வடித்த பிறகும் பல்சக்கரங்களின் மேல் மெல்லிய படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். என்ஜினில் எண்ணெய் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். பின்சக்கரத்தின் நடுவில், ஷாஃப்ட் வந்து முடியும் இந்தச் சிறிய பல்சக்கரப் பெட்டிக்குப் பொதுவாக விளக்கும் கிடையாது, முள்ளும் கிடையாது. அது கொள்வதோ ஏறத்தாழ 200 மில்லி, அதாவது ஒரு குவளை. செயின் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஷாஃப்ட் வண்டியை வாங்குகிறவர்கள் அந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் வாங்குகிறார்கள். 1923இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர் 32 காலத்திலிருந்து இந்த அமைப்பின் பெருமையே, கண்ணில் படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதுதான். அன்று அந்தப் பெருமையே எனக்கு எதிரியாக நின்றது.

பட்டறையின் மூத்த மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு யோசிக்காத தம்பி, அது இல்லாம எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு கேளு. அத வண்டிக்காரர்தான் சொல்லணும்," என்றார். உரிமையாளரை அழைத்தேன். 35 கிலோமீட்டர் போயிருந்தார், தேநீருக்காக நிறுத்தியிருந்தார். "வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று அவர் கேட்டபோது, "தவறு எங்களுடையது, இனி ஓட்ட வேண்டாம்" என்ற ஐந்து சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. நியூட்ரலில் போட்டு மெதுவாக உருட்டிக்கொண்டே வந்துவிடட்டுமா என்று அவர் கேட்டதையும் மறுக்க வேண்டியிருந்தது. செயின் வண்டியைப் போலவே ஷாஃப்ட் வண்டியிலும் நியூட்ரல் என்பது முன்னால் உள்ள கியர் பெட்டிக்குத்தான். பின்சக்கரம் சுற்றினால் அதோடு பிணைந்த பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும், ஷாஃப்டின் நுனியில் உள்ள சிறிய பல்சக்கரமான பினியனும் சுற்றியே தீரும். சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பல்சக்கரங்கள் எண்ணெய்க்காக இத்தனை பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நீளவாக்கில் வரும் சுழற்சியை இங்கேதான் 90 டிகிரி திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறோம். ஹைப்பாய்டு வகையில் பினியனின் அச்சு கிரவுன் வீலின் அச்சைத் தொடாமல் சற்று விலகி நிற்பதால், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் தேய்த்துக்கொண்டும் நகர்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். கியர் ஆயிலில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள்தான் சூடேறிய உலோகப் பரப்போடு வினைபுரிந்து, பற்கள் நேரடியாக உரசாதபடி ஒரு காப்புப் பூச்சை உண்டாக்குகின்றன. புட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடியும் அவற்றுடையதே. "அவசரத்துக்குக் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றலாமா?" என்று கேட்பவர்களுக்கு இந்த நெடியைத்தான் முகரக் கொடுப்பேன். ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 பிசுபிசுப்பு அளவு என்று கையேட்டில் போட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

வண்டி வந்து இறங்கியபோது பெட்டியின் மேல் கை வைத்தேன்; ஆறியிருந்தது, ஆனால் கருகிய வாடை அடித்தது. கீழ் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். நல்ல நிலையில் உள்ள பெட்டியில் அந்தக் காந்தத்தின் மேல் சாம்பல் நிறப் பசை, கண் மையைப் போல மழமழவென்று படிந்திருக்கும். அது இயல்பான தேய்மானம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எங்களுடையதில் பசையை விரல்களுக்கிடையே தேய்த்தபோது நறநறவென்றது. வெள்ளைத் துணியில் தடவி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவில் இரண்டு மினுக்கங்கள் தெரிந்தன. புது எண்ணெயை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம், எப்படியும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று ஒருவர் சொன்னார். ஓடியிருக்கும்தான். ஆனால் இறுகிப்போனால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில் ஊகத்துக்கு வேலையில்லை என்று மூத்தவர் கழற்றச் சொன்னார்.

பற்களில் நீலம் பாய்ந்திருக்கவில்லை. பாய்ந்திருந்தால் எஃகு தன் கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். பல்சக்கர இணையையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைபடுவது போலிருந்தது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதடு வெந்து விறைத்திருந்தது. பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றினோம், செலவு எங்களுடையது. எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, சூட்டோடு வடித்துப் பார்த்து, மறுபடி புதியதை ஊற்றினோம்.

எண்ணெய் போவதற்கு வேறு வழிகளும் உண்டு. அளவு பார்க்கிறேன் என்று மேல் போல்ட்டுக்குப் பதிலாகக் கீழ் போல்ட்டைத் திறந்து, பாதி எண்ணெயைத் தரையில் விட்ட உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வந்த சேதம் தரையோடு சரி. எவ்வளவு கொட்டியது என்று கணக்குப் போட்டு மேலே ஊற்றாமல், மிச்சத்தையும் வடித்துவிட்டு முழு அளவை அளந்து ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றுவதும் தவறுதான். பெட்டியின் மூச்சுத்துளை அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான்: சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெய் சீல் வழியாகக் கசியும். கசிந்தது பின்டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் படிந்தால், கியரைவிட ஓட்டுபவரின் உயிர்தான் முதல் கவலை. டிஸ்க்கைத் துடைக்கலாம், எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து மேல் போல்ட்டைத் திறந்து பார்க்காமல் கீழ் போல்ட்டைத் தொடுவதில்லை. மேலே உள்ளது இறுகித் திறக்காமல் போனால், வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழியிருக்காது. வடிப்பதற்கு முன்பே புதிய எண்ணெயைக் குவளையில் அளந்து இருக்கையின் மேல் வைத்துவிடுவேன், சாவியைக் குவளையின் கைப்பிடியில் மாட்டிவிடுவேன். குவளை காலியாகாமல் சாவியை யாரும் எடுக்கக் கூடாது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். சில இளையவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்த உரிமையாளர் எங்களை விட்டுப் போகவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயைப் பார்க்க வந்தார். காந்தத்தைக் காட்டினேன், தன் விரலாலேயே பசையைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், மழமழவென்றுதான் இருந்தது. இப்போதும் வண்டியை எடுக்க வரும்போது, சாவியைக் கேட்பதற்கு முன் குவளையைக் கேட்கிறார். நானும் கவிழ்த்துக் காட்டுகிறேன்.