மண்ணெண்ணெயில் ஓடின லாண்ட் றோவர்

அந்த லாண்ட் றோவரை ஒட்டுசுட்டானிலிருந்து உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துத்தான் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். சீரிஸ் 2ஏ, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 88 அங்குலம், 1960களில் வந்த பெற்றோல் வண்டி. 2005இல் பின் அக்சில் முறிந்து வளவுக்குள் பாலை மரத்தடியில் நின்றது. 2009இல் எல்லாரும் விட்டுவிட்டு ஓட, அது அங்கேயே கிடந்தது. வண்டிக்குச் சொந்தக்காரரான ஐயா மீள்குடியேறி வந்தபோது ரயர் நான்கும் இல்லை, வண்டி மட்டும் நின்றதாம்.

மேல் தகடு அலுமினியக் கலவை. துருப்பிடிக்காது. ஆனால் இரும்போடு தொட்டு நிற்கிற இடத்தில் ஈரம் தங்கினால் வெள்ளைப் பொடியாக உதிரும். கீழே சேசி, அதாவது அடிச்சட்டம், முழுக்க இரும்பு. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் கணீர் என்றது, உக்கின இடம் தொப்பென்றது. பின் குறுக்குச் சட்டம் கையோடு பிய்ந்து வந்தது. அதை வெட்டிப் புதிதாக வைத்து ஒட்டவே மூன்று கிழமை போனது.

ஐயாவின் மகனுக்குப் பெரிய யப்பான் டீசல் எஞ்சின் போட ஆசை. நான் மறித்தேன். இந்த வண்டியில் பலவீனமான இடமே பின் அக்சில்தான். சேற்றில் புதைந்த சில்லை வலுவான எஞ்சின் முறுக்கினால் முதலில் முறிவது அதுவாகத்தான் இருக்கும். மாற்ற வேண்டியது பிறேக். பழைய பிறேக்குக்கு ஒரே வழிதான். ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டரும் முன்னுக்கு டிஸ்க்கும் போட்டோம். பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய டைனமோவைக் கழற்றி ஒல்ரனேற்றர் வைத்தோம், பிளக்குக்குப் பொறி விடுகிற பொயின்ற் போய் எலெக்ரோனிக் இக்னிஷன் வந்தது. சீற் பெல்ற்றும் பூட்டினேன். பெயின்ற் எனக்குக் கடைசி விசயம்.

எஞ்சினைத் திறந்தபோதுதான் அதன் கதை தெரிந்தது. நான்கு சிலிண்டரும் பொதுவாகத் தேயும் அளவை விட அதிகமாகத் தேய்ந்திருந்தன. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் தடை. பெற்றோல் வாகனங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இந்த 2286 சிசி எஞ்சினின் கொம்பிறஷன் 7க்கு 1தான். அந்தக் குறைந்த அழுத்தம்தான் மண்ணெண்ணெயைத் தாங்க விட்டது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஒயிலும் தண்ணியாகிவிடும். அப்படி எத்தனை வருசம் ஓடியிருக்கிறது! தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து எடுக்கப் புளொக்கை வவுனியாவுக்கு அனுப்பிவிட்டு அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பழைய பிஸ்டன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபரேற்றருக்கு மேலே, காற்று வருகிற குழாயில், விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய் ஈயத்தால் ஒட்டியிருந்தது. நுனியில் றப்பர் மூடி.

“அண்ணை, உந்த ஓட்டையாலை தூசி இழுக்கும். அடைப்பமே?” என்றான் கராஜில் என்னோடு நிற்கிற பெடியன்.

மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. “கிடக்கட்டும்,” என்றேன். மண்ணெண்ணெயில் குளிர் எஞ்சின் பிடிக்காது. கொஞ்சம் பெற்றோல் சொட்டு விட்டுத்தான் எழுப்ப வேண்டும். யாரோ ஒரு மெக்கானிக், கையில் ஒன்றுமில்லாத காலத்தில், இவ்வளவு துப்புரவாக ஒட்டியிருக்கிறார். அந்த வேலையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

மாரி தொடங்கி, முத்தையன்கட்டு வாய்க்கால் பாதை சேறாகிக் கிடந்த நாளில் ஓட்டிப் பார்த்தோம். மஞ்சள் குமிழை அமத்த முன்சில்லும் சேர்ந்து இழுத்தது. பிறேக் நேராகப் பிடித்தது. திரும்பி வந்து வீட்டு வாசலில் திறப்பை ஐயாவிடம் கொடுத்தேன். ஒரே திருப்பில் எழும்பியது. அவர் உடனே நிப்பாட்டி, பொனற்றைத் திறந்து, வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

“நான் சொட்டு விட, இவர் முன்னாலை நிண்டு கைபிடி சுத்துவார் தம்பி,” என்றா அம்மா. “விடிய நாலு மணிக்கும் எழுப்பியிருக்கிறம்.”

றப்பர் மூடியைக் கழற்றி, குனிந்து மணந்து பார்த்தா.

“இப்ப மணக்கேல்லை,” என்று சொல்லி, மூடியைத் திரும்பவும் இறுக்கிவிட்டா.