எஸ்பிஎஸ் கலந்த பிட்டுமென்: மேலே ஒன்று, அடியில் ஒன்று

வெயிலில் இளகிச் சக்கரத் தடம் விழுகிற சாலைக்குப் பாலிமர் கலந்த பிட்டுமென் (ஜல்லியைப் பிணைக்கும், தார் போன்ற கறுப்புப் பொருள்) தயாரிக்கும் வேலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. எத்தனை சதவீதம் போடலாம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். உண்மையில் அதைத்தான் சீக்கிரமாக முடிவு செய்தோம். எஸ்பிஎஸ் (ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன்) என்கிற ரப்பர் போன்ற பாலிமர் வழக்கமாக 3 முதல் 5 சதவீதம் வரை போகும். நாங்கள் 4-இல் தொடங்கினோம்.

பிட்டுமெனை 175–180 டிகிரிக்குச் சூடாக்கி, அதிவேக ஷியர் மிக்ஸர் (பாலிமரைக் கிழித்துக் கலக்கும் இயந்திரம்) ஓடும்போதே பாலிமரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினோம். பாலிமர் பிட்டுமெனிலுள்ள இலகுவான எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சி உப்பும், பிறகுதான் கிழிபட்டுப் பரவும். அவசரப்பட்டு 200 டிகிரிப் பக்கம் போனால் பாலிமரே சிதையத் தொடங்கிவிடும். ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்தால் கறுப்புக்குள் மஞ்சள் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பொடியாகிச் சீராகப் பரவும்வரை ஓட்டினோம். சாஃப்டனிங் பாயிண்ட், அதாவது பிட்டுமென் இளகத் தொடங்கும் வெப்பநிலை, 60 டிகிரியைத் தாண்டியது. இழுத்து வெட்டிய துண்டு ரப்பர் மாதிரிச் சுருங்கியது. பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சோதனைதான் ரொம்பப் பிடிக்கும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். கலவையைக் குழாயில் ஊற்றி, 163 டிகிரி அடுப்பில் 48 மணி நேரம் நிற்கவைத்து, உறையவைத்து மூன்றாக வெட்டி, மேல்துண்டின் சாஃப்டனிங் பாயிண்டையும் அடித்துண்டின் சாஃப்டனிங் பாயிண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எங்களுக்கு விதித்த வரம்பு 3 டிகிரி வித்தியாசம். வந்ததோ 10 டிகிரிக்கும் மேல். உப்பிய பாலிமர் பிட்டுமெனைவிட லேசு. கிளறாமல் விட்டால் மேலே ஏறி நின்றுவிடும்.

பாலிமரைக் கூட்டச் சொல்லி யோசனைகள் வந்தன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூட்டினால் பிசுக்குமை (கலவை ஓட மறுக்கும் தன்மை) ஏறும். 135 டிகிரியில் அது 3 பாஸ்கல்-செகண்டுக்கு மேல் போனால் பம்ப் செய்வதே பாடு. அதற்குப் பதில் அடிப்படைப் பிட்டுமெனை மாற்றினோம். ஒரே பெனட்ரேஷன் தரம் (ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லும் கடினத் தரம்), வேறு கச்சா எண்ணெயிலிருந்து வந்தது, பாலிமரை உப்பவைக்கும் அரோமாட்டிக் எண்ணெய்ப் பகுதி அதிகம். அதே 4 சதவீதம்தான், ஆனால் வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியது. தரச் சான்றிதழில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மீதியைக் கந்தகம் பார்த்துக்கொண்டது. சுமார் 0.1 சதவீதம் போதும், பாலிமர்ச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடும். அதிகமானால் கலவை ஜெல்லாகிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் கிளம்பும், அது உயிரை எடுக்கக்கூடியது. புகை உறிஞ்சியும் வாயு அளவியும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது.

ஜல்லியிலிருந்து பிட்டுமென் உரியாமலிருக்க அமீன் வகைச் சேர்க்கையும் தேவைப்பட்டது. அதை நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் வீரியம் குறையும், அதனால் ஜல்லியோடு கலப்பதற்குச் சற்று முன்புதான் சேர்த்தோம். பிட்டுமெனைக் கெட்டிப்படுத்தும் பாலிபாஸ்பாரிக் அமிலமும் போடலாமே என்றார்கள். அமிலமும் அமீனும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் என்பதால் வேண்டாமென்று விட்டோம்.

ஆலைக்குப் போனபின் தொட்டியில் கிளறும் கருவி ஓயாமல் ஓடியது. தினமும் மேல்வாயிலும் அடிவாயிலும் மாதிரி எடுத்தோம். இரண்டின் சாஃப்டனிங் பாயிண்ட் வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருந்தால்தான் டேங்கருக்கு அனுமதி.