முதலில் தண்ணீருக்கு வழி

காட்டுத் தடம் ஒன்று பாழாகிவிட்டால் கூட்டத்தைக் குறை சொல்வார்கள், சைக்கிள்காரர்களைக் குறை சொல்வார்கள். மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீரின் வேலையாக இருக்கும். மழை இறங்க வசதியான வாய்க்காலாகத் தடம் அமைந்துவிட்டது, அவ்வளவுதான். மேல்மண் போய், வேர் தெரிந்து, கல் துருத்தி நிற்கும். நடப்பவர் ஓரத்தில் கால் வைப்பார். அரை மீட்டர் அகலத் தடம் மூன்று மீட்டர் சேறாக விரியும்.

அமெரிக்காவின் சிறு ஊர்களில் இயங்கும் நில அறக்கட்டளைகளுக்கு இது அன்றாடப் பிரச்சினை. நிலத்தை வாங்கியோ தானமாகப் பெற்றோ காப்பது இவற்றின் ஒரு வழி. நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவைத்து, அதில் வீடு மனை போடும் உரிமையை மட்டும் ஒப்பந்தம் மூலம் நிரந்தரமாக நீக்குவது இன்னொரு வழி. 1891-ல் மாசசூசெட்ஸில் சார்லஸ் எலியட்டின் முயற்சியால் உருவான டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ் இவற்றுக்கு முன்னோடி. பல அறக்கட்டளைகளில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஓரிருவர்தான். மற்ற வேலையெல்லாம் தன்னார்வலர்களின் கையில். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பழுது கேட்கும் தடத்தை அவர்களால் தாங்க முடியாது.

தடம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது சரிவுக் கணக்கு. மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் ஏற்றம் போகக் கூடாது. சரிவு 30 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏற்றம் என்றால், தடம் 15-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடப்பதை விட்டுவிட்டுத் தடத்தோடு சேர்ந்து இறங்கத் தொடங்கும். மொத்தத் தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சமதளம் என்றால் வேலை சுலபம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதுதான் கெடுதல்: தண்ணீர் வடிய இடமே இல்லை. பக்கத்தில் மிதமான சரிவு இருந்தால், சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று தடத்தை அங்கே ஏற்றிவிட வேண்டும்.

சரிவுமானியால் அளந்து, தடம் போகும் வழியைக் குறிக்கக் கம்பியில் மாட்டிய சிறு கொடிகளை நட்டு, இரு திசையிலும் நடந்து பார்த்த பிறகே வெட்டத் தொடங்கலாம். வெட்டும்போது தடத்தின் முழு அகலமும் சரிவின் உள்ளே, கெட்டி மண்ணில் இருக்க வேண்டும். பாதியை வெட்டி, அந்த மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி மீதி அகலத்தை ஒப்பேற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கொட்டிய மண் அமுங்கும், வெளிவிளிம்பு சரியும். வெட்டிய மண்ணைத் தடத்தை விட்டுத் தள்ளிக் கீழே வீசிப் பரப்பிவிடுவதே சரி. நடைபரப்பு வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய வேண்டும், 60 செ.மீ. அகலத்துக்கு 3 செ.மீ. தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சாய்வு நிலைக்காது. கால்கள் நடுவை அமுக்கி, மண்ணை விளிம்புக்குத் தள்ளித் தள்ளிச் சிறு வரப்பு ஒன்றை எழுப்பிவிடும். தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சுமார் 10 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை தடத்தை லேசாக இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறியே ஆக வேண்டும். சாய்வு கெட்டாலும் அது காப்பாற்றும். பழைய செங்குத்துத் தடங்களில் குறுக்கே கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்புவார்கள். அது தப்பான இடத்தில் தடம் போட்டதற்குக் கட்டும் அபராதம். கட்டையின் மேற்பக்கம் வண்டல் நிறையும், ஆள்கள் அதைச் சுற்றி நடப்பார்கள், தண்ணீரும் அவர்கள் பின்னால் போகும்.

பராமரிப்புக்குச் சிறந்த நாள் மழை கொட்டும் நாள். வெயிலில் ஊகிக்க வேண்டியதை அன்று கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வரப்பைச் சீவி, வடிகாலில் தேங்கிய இலைச்சருகை வாரினாலே பாதிப் பழுது தீரும்.

குறுக்குவழியை மூடுவது தனிக் கலை. அது பிரியும் இடத்தில் மட்டும் இரண்டு கிளையைப் போட்டால் யாராவது தூக்கி எறிவார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரம் முழுக்க மறைக்க வேண்டும். இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, சருகு பரப்பி, பட்ட மரக்கிளைகளைச் செங்குத்தாக நட்டால், அங்கே பாதை இருந்ததே தெரியாது. அதைவிட முக்கியம், எதற்காகக் குறுக்கே போனார்கள் என்று பார்ப்பது. ஓடையோ காட்சிமுனையோ அந்தப் பக்கம் இருந்தால், தடம்தான் அங்கே போயிருக்க வேண்டும்.

தன்னார்வலர் நாளில் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையை விடத் தலைமைப் பற்றாக்குறைதான் கெடுக்கும். ஐந்தாறு பேருக்கு ஒருவராவது வேலை தெரிந்தவர் இருக்க வேண்டும். ஓங்கி வெட்டும் கருவி பிடித்தவர்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி. எல்லோரையும் பரவவிடும் முன் ஒரு மீட்டர் தடத்தை முழுதாக முடித்துக் காட்டிவிட்டால் அரைமணி நேரப் பேச்சு மிச்சம். மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடுவது நல்லது. களைத்த கை அடிபடும், களைத்தவர் மறுமுறை வரமாட்டார். மரம் நட அழைத்தால் கூட்டம் வரும், களை பிடுங்க அழைத்தால் வராது. இரண்டையும் ஒரே காலையில் வைத்து, களையை முதலில் வைப்பதே வழி.

அந்தக் களையிலும் செடிக்கொரு விதம். கார்லிக் மஸ்டர்டை வேரோடு பிடுங்கலாம், ஆனால் பூத்த செடியைப் பிடுங்கித் தரையில் விட்டால் அங்கேயே விதை முற்றும். பையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால் ஒரு வருட வேலை வீண், தொடர்ச்சிதான் பலன். ஜாப்பனீஸ் நாட்வீடைத் தன்னார்வலர் கையில் கொடுக்கவே கூடாது. வேர்த்தண்டின் சிறு துண்டும் முளைக்கும்; வெட்டி இழுத்துப் போன வழியெல்லாம் பரவும். பக்தார்ன் புதரை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டிய வளையத்தில் களைக்கொல்லி தடவாவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்க்கும். எதுவானாலும் மோசமான இடத்தில் தொடங்கும் ஆசையை அடக்கி, நல்ல காட்டின் ஓரத்திலிருந்து களை மண்டிய பக்கத்தை நோக்கிப் போவதே பலன் தரும்.

ஒப்பந்த நிலங்களில் மண்வெட்டி வேலை குறைவு, காகித வேலை அதிகம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே வரைபடம், எண்ணிட்ட படப் புள்ளிகள், இருக்கும் கட்டடங்கள், வேலிகள் என அடிப்படை அறிக்கை தயாராகி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதே புள்ளிகளில் நின்று படம் எடுத்து ஒப்பிட வேண்டும். மனம் வந்து கையெழுத்திட்டவரிடம் சிக்கல் அபூர்வம். அவரிடமிருந்து வாங்கியவரிடம்தான் வரும். அவர் நிலத்தைப் பார்த்து வாங்கியவர், ஒப்பந்தத்தைப் படித்திருக்க மாட்டார். விற்பனை நடந்த சில வாரங்களுக்குள் ஒரு பக்கச் சுருக்கத்தோடும் வரைபடத்தோடும் நேரில் போய், எல்லையைச் சேர்ந்து நடந்துவர வேண்டும். கொட்டகை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதை அஸ்திவாரம் தோண்டிய பிறகு சொல்ல நேர்ந்தால், அடுத்த பேச்சு வக்கீல் மூலமாகத்தான்.