வாலைத் தூக்கிக் கும்பிட்டது

போன ஞாயிறு காலை, சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு முன்னால் போன சீனப் பெரியவர் சட்டென்று கையை விரித்து எங்களை நிறுத்தினார். பாதையின் குறுக்கே, நனைந்த சருகின் மேல் ஒரு பாம்பு. கருநீல முதுகு, விலாவின் இரண்டு பக்கமும் வெளிர்நீலக் கோடு. தலையும் வாலும் குங்குமத்தில் தோய்த்து எடுத்த சிவப்பு.

பாம்பைக் கண்டதும் என் கண் கம்பைத் தேடியது.

யாரும் கத்தவில்லை. பெரியவர் மெதுவாக நாலடி பின்னால் வந்தார், நாங்களும் வந்தோம். அது வாலைத் தூக்கி அடிப்பக்கச் சிவப்பைக் காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் சருகுக்குள் போய் மறைந்தது. அவர் தலையசைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். "அப்பா, இதுக்கு யாருப்பா கலர் அடிச்சா?" என்று என் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் கால் நகரவில்லை.

இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடையில் சர்க்கரை போடாத கடுங்காப்பியை 'கோப்பி ஓ கொசோங்' என்று தடுமாறாமல் கேட்கிறேன், எம்ஆர்டி ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்பது வரை தெரியும். ஊர் பழகிவிட்டது என்றுதான் வீட்டுக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வாலைப் பார்த்த நொடியில் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் போய் நின்றேன்.

அன்றிரவே உட்கார்ந்து படித்தேன். நீல மலாயப் பவளப்பாம்பு. நல்ல பாம்பின் குடும்பம்தான். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா காடுகளிலும் உண்டு. இரை பெரும்பாலும் மற்றப் பாம்புகள். இதன் விஷப்பை தலையோடு நிற்பதில்லை, உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கு உள்ளே நீண்டு கிடக்கிறது. விஷம் ஏறினால் நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டது போலாகி, இரை வெட்டி இழுத்து விறைத்துவிடும் என்று 2016-இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். திருப்பிக் கடிக்கக்கூடிய இரையைப் பிடிப்பதற்கு அந்த வேகம் வேண்டும்தானே! மனிதரைக் கடிப்பது அபூர்வம். கூச்ச சுபாவம், சருகுக்கடியிலேயே காலம் தள்ளும்.

படித்துக்கொண்டே போனபோது இன்னொரு படம் வந்தது. நம் ஊர்ப் பவளப்பாம்பு, இதற்குப் பங்காளி. பென்சிலை விட மெலிசு, ஒரு முழம்கூட இருக்காது. கருந்தலை, வாலில் இரண்டு கறுப்பு வளையம். வயிறு பவளச் சிவப்பு, வாலின் அடியில் நீலச் சாயல்.

அதைத்தான் நான் அடித்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டகையில் விறகை நகர்த்தியபோது அடியில் கிடந்தது. கம்பு பட்டதும் கடிக்க வரவில்லை. வாலைச் சுருட்டி மேலே தூக்கி, அந்தச் சிவப்பையும் நீலத்தையும் காட்டியது. திண்ணையிலிருந்து அப்பாயி, "விடுடா தம்பி, வாலைத் தூக்கிக் கும்பிடுது பாரு" என்றது. நான் விடவில்லை. நல்ல பாம்பாக இருந்தால் பால் ஊற்றி, காசு வைத்து எரித்திருப்போம். இதற்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. கம்பாலேயே தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டேன்.

வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் பயத்தில் நியாயம் உண்டு. கட்டுவிரியன் கடித்து விடியுமுன் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு பெயரோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் பெயரில்லாமலே அடிபட்டுச் சாகிறது. இது எனக்கு ஆறவே இல்லை. இங்கே காட்டுயிரை அடித்தால் சட்டப்படி குற்றம், அது சரி. ஆனால் அந்தப் பெரியவர் சட்டத்துக்குப் பயந்து நின்ற மாதிரி எனக்குத் தெரியவில்லை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழி விடுவோமே, அப்படி நின்றார்.

மறுநாள் ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே பத்து மணி, அங்கே ஏழரை. "அம்மா, ஒரு பாம்பு பார்த்தேன்" என்று ஆரம்பித்ததுமே, "விளக்கு வச்சப்புறம் பேரைச் சொல்லாதடா, பூச்சின்னு சொல்லு" என்று அதட்டினார். கடல் தாண்டியும் அந்தப் பெயர் காதில் விழுந்துவிடும் போல! சரி, பூச்சி என்றே சொன்னேன். நிறத்தைச் சொன்னேன், பாதையைச் சொன்னேன்.

"அடிச்சாங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் நின்னு வழி விட்டோம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் மாடு கத்துவது கேட்டது. அப்பாயி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

"வாலைத் தூக்குச்சா?" என்று கேட்டார் அம்மா.

"தூக்குச்சும்மா."