ஒன்பது பேரில் நான்கு பேரைத் தேடியபோது

என் மாமியார் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுவார். அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் இறந்தோர் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, உறையில் போட்டுக் கோயிலில் கொடுப்பார்கள். மாதம் முழுக்க அது பீடத்தருகே இருக்கும், பூசையில் அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். பட்டியலில் அவருடைய அப்பாவும் கூடப் பிறந்தவர்களுமாக ஐந்து பெயர்கள் வரும். அதற்குக் கீழே ‘மற்ற நால்வர்’ என்று ஒரு வரி.

“நாங்கள் ஒன்பது பேர்” என்று அவர் அப்பா சொல்வாராம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். போன வருடம் அந்த வரியை எழுதும்போது மாமியார் பேனாவை வைத்துவிட்டு, “இவர்கள் பெயர் தெரியாமலே நானும் போய்விடுவேன்” என்றார். கார்க் நகரத்துக்கு மருமகளாக வந்து பதினொரு வருடமாகிறது. அவர் என்னிடம் கேட்காமல் கேட்ட முதல் காரியம் அது. தேடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அயர்லாந்தில் பழைய ஆவணம் எல்லாம் எரிந்துவிட்டது என்று என் கணவர் முதலிலேயே சொன்னார். பாதி உண்மைதான். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சில துண்டுகளைத் தவிர மற்றதெல்லாம் அதோடு போயிற்று. 1861, 1871 தாள்களை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகிவிட்டன. ஆனால் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பித்தன. 1901, 1911 கணக்கெடுப்புகளும் முழுசாக இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் இன்று ஒரு பைசா கொடுக்காமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எனக்கு இது தெரியாது. ஒரு கட்டணத் தளத்தில் பணம் கட்டி, யாரோ போட்டு வைத்திருந்த வம்ச மரத்தை நம்பி, வேறொரு குடும்பத்தின் பின்னால் மூன்று வாரம் அலைந்தேன். அதே பெயர், அதே வயது, பக்கத்து ஊர். குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மேற்குக் கார்க்கில் கல்லெறிந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல் படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியாது. நம் பக்கத்தில் “எந்த ஊர்?” என்று கேட்பது போல, இங்கே கேட்க வேண்டியது டவுன்லாண்ட், நிலத்தின் மிகச் சிறிய பிரிவு.

அயர்லாந்து முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் டவுன்லாண்டுகள் உண்டு. சிலவற்றில் இரண்டே வீடுகள் இருக்கும். ஆனால் நிலவரி, கணக்கெடுப்பு, பிறப்பு, சாவு எல்லாம் அந்தப் பெயரில்தான் எழுதப்பட்டன. மாமியாருக்குத் தெரிந்தது ‘ஸ்கிபரீன்’ மட்டும். அது பக்கத்தில் இருக்கும் டவுன், பதிவு மாவட்டத்தின் பெயரும் அதுதான். சென்னைக்கு வந்த செங்கல்பட்டுக்காரர் வெளியூரில் ‘மெட்ராஸ்’ என்று சொல்லிக்கொள்வது மாதிரி. உண்மையான இடம் அங்கிருந்து சில மைல் தள்ளி.

அதைக் கொடுத்தது அவருடைய தாத்தா, பாட்டியின் திருமணப் பதிவு. அரசு நடத்தும் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் 100 வருடத்துக்கு முந்தைய பிறப்பு, 75 வருடத்துக்கு முந்தைய திருமணம், 50 வருடத்துக்கு முந்தைய இறப்பு, மூன்றுக்கும் பதிவேட்டுப் பக்கத்தின் படமே கிடைக்கும். எல்லாருக்குமான பதிவு 1864-ல் தொடங்குகிறது. 1896 பிப்ரவரியில் அந்தத் திருமணம் இருந்தது. பிப்ரவரி என்றதுமே எனக்கு நம்பிக்கை வந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் ஊரெல்லாம் கல்யாணம் நடக்கும். ஆடிக்கு முன்னால் நாம் அவசரப்படுவதைப் போல. பதிவில் இருவரின் டவுன்லாண்டும், இருவரின் அப்பா பெயரும் இருந்தன. வயது மட்டும் எண்ணாக இல்லை, ‘முழு வயது’, அதாவது சட்டப்படி வயது வந்தவர் என்றுதான்.

டவுன்லாண்ட் கையில் வந்ததும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1911 கணக்கெடுப்பைத் திறந்தேன். பெயர் தேடும் கட்டத்தைத் தொடாமல், மாவட்டம், பகுதி, டவுன்லாண்ட் என்று படிப்படியாக இறங்கினேன். புதிதாகத் தேடுபவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றுதான். பெயரில் தேடியிருந்தால் அவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஓ’பிரையன் என்பதில் வருவது போன்ற ‘ஓ’, 1901-ல் குடும்பப் பெயருக்கு முன்னால் இல்லை, 1911-ல் இருக்கிறது.

ஏப்ரல் 2, 1911 இரவு அந்த வீட்டில் இருந்தவர்கள்: கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், கணவனின் விதவைத் தாய். அந்தத் தாய் 1901-ல் 58 வயது, 1911-ல் 74. எழுத்துப் பிழை என்று நினைத்தேன். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. பிறப்புச் சான்று இல்லாத தலைமுறை அது, நாடு முழுக்கவே வயதுகள் இப்படித் தாவியிருக்கின்றன.

1911 படிவத்தில் மணமான பெண்களிடம் மட்டும் கேட்ட மூன்று கேள்விகள் உண்டு. மணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. அந்தக் கட்டங்களில் குடும்பத் தலைவர் கையால் எழுதியிருந்தது: 15, 9, 5.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘9’-இன் வால் நீளமாகக் கீழே இறங்கி அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. “அப்பா பொய் சொல்லவில்லை” என்றார்.

இனி அந்த நால்வர். அந்தக் காலப் பிறப்புகளில் பலவற்றுக்குத் தளத்தின் அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. அதனால் அந்தக் குடும்பப் பெயரில் ஸ்கிபரீனில் பதிவான ஒவ்வொரு குழந்தைக்கும் படத்தைத் திறந்து, பக்கத்துக்குப் பத்துப் பதிவில் எங்கள் டவுன்லாண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவுப் பணி இல்லாத நாட்களில் பார்த்தேன். ஒரு மாதமாயிற்று.

குழப்பம் ஓர் இடத்தில் வந்தது. 1901 கணக்கெடுப்பில், இரண்டு மாதக் கைக்குழந்தையாக, மாமியாரின் அப்பா பெயரிலேயே ஒரு பையன் இருந்தான். ஆனால் 1911-ல் அவருக்கு வயது இரண்டு. பிறப்புப் பதிவும் 1908 நவம்பர் என்றே சொன்னது. மறுபடியும் தவறான குடும்பத்தைப் பிடித்துவிட்டேனோ என்று பயந்தேன். இறப்புப் பதிவேட்டைத் திறந்த பிறகு புரிந்தது.

1905 மார்ச். ஒரே பக்கத்தில் இரண்டு பதிவுகள், ஒன்றன் கீழ் ஒன்று. முதலாவது 20 மாதக் குழந்தை. அடுத்தது நான்கு வயது. இடையே ஒன்பது நாள். இருவருக்கும் காரணம் கக்குவான் இருமல், மருத்துவர் சான்று இல்லை. தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயி மகன்’ என்று எழுதியிருந்தார்கள், நான்கு வயதுக்கும், 20 மாதத்துக்கும். தகவல் தந்தவர் தாய். பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி, அவருடைய கையொப்பம் அதுதான். ‘இறக்கும்போது உடன் இருந்தவர்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. முதல் குறி நேராக இருந்தது. இரண்டாவதில் ஒரு கோடு பாதியில் நின்றுவிட்டது.

அந்த நான்கு வயதுப் பையனின் பெயரைத்தான் 1908-ல் பிறந்தவருக்கு வைத்திருக்கிறார்கள். இது அங்கே வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா. பெயர் வைத்த பிள்ளை போய்விட்டால் அடுத்து வருபவனுக்கு அதே பெயர். தாத்தா பெயரைத் தாங்குவதால்தானே நாமும் பெயரன், பேரன் என்கிறோம். மாமியாருக்கு இது உடனே விளங்கியது. தன் அப்பா ஏன் எழுந்து வெளியே போனார் என்று எழுபது வருடம் கழித்துத் தெரிந்தது மாதிரி, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பையன் 1907-ல் பிறந்து சில மாதத்தில் மார்ச்சளியில் இறந்தவன். அவனைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன்.

நான்காவது எங்கேயும் இல்லை. கையில் எட்டுப் பிறப்புகள்தான். அவற்றைத் தேதிப்படி அடுக்கியபோது 1898 ஜனவரிக்கும் 1901 ஜனவரிக்கும் நடுவில் மூன்று வருட இடைவெளி. மற்ற எல்லாம் ஒன்றரை, இரண்டு வருடம்தான். அப்புறம்தான், சாகக் கிடக்கும் குழந்தையைப் பெயரில்லாமலே பதிந்துவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, குடும்பப் பெயர், மாவட்டம், 1899 மட்டும் கொடுத்துத் தேடினேன். ஆகஸ்டில் இருந்தாள். பெயர் எழுதும் இடம் வெறுமை. பெண். எங்கள் டவுன்லாண்ட். இறப்புப் பதிவிலும் பெயரில்லை: இரண்டு நாள், பிறவிப் பலவீனம்.

பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் அந்த வாரம் அவள் இல்லை. மாமியார் முகம் மாறிவிட்டது. திருமுழுக்குப் பெறாத குழந்தைகளை அந்தக் காலத்தில் மந்திரித்த கல்லறையில் புதைக்க விடமாட்டார்கள். வேலியோரத்தில், பாழடைந்த கோட்டைச் சுற்றில், கில்லீன் என்று சொல்லும் இடங்களில், பெரும்பாலும் இருட்டின பிறகு, அப்பாவோ சித்தப்பாவோ தனியாகக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பெயர்க்கல் இருக்காது. எங்கள் டவுன்லாண்டின் பழைய வரைபடத்தில், ஓடையை ஒட்டி, ‘குழந்தைகள் புதைகாடு’ என்று குட்டி எழுத்தில் ஓரிடம் இருக்கிறது. அவள் அங்கே இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டிலேயே மருத்துவச்சி தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கவும் கூடும், அதுவும் அந்த ஊர் வழக்கம்தான்.

அக்டோபர் 30 அன்று மாமியார் பட்டியலோடு உட்கார்ந்தார். ஐந்து பெயர்களை எழுதினார். அப்புறம் கக்குவானில் போன இருவர். 1907-ல் போனவன். கடைசியாக, தன் அப்பாவின் பாட்டி பெயரை எழுதினார், ஓய்வூதியத்துக்காக வயது கூட்டிய அந்தக் கிழவியின் பெயரை.

“அதற்கு ஆதாரம் இல்லையே” என்றேன். மூன்று வாரம் தவறான குடும்பத்தோடு அலைந்தவள் நான், எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

“இரண்டாவது மகள்” என்றார் அவர். “வேறு என்ன பெயர் வைத்திருப்பார்கள்?”

என் கணினியில் இருக்கும் வம்ச மரத்தில் 1899 ஆகஸ்ட்டுக்கு நேரே அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவர் தாளை மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.