டயபர் மணிகளும் மாடித்தோட்டத்து மண்ணும்

பேத்திக்கு அளவு சிறியதாகிவிட்டதால் அலமாரியிலேயே கிடந்த டயபர்களைக் குப்பையில் போட மனம் வராமல், போன சித்திரையில் ஒன்றைப் பிரித்து வாளியில் உதறினேன். பஞ்சுக்கு இடையிலிருந்து சர்க்கரை போன்ற வெண்மணிகள் உதிர்ந்தன. அரைக் குவளை நீர் ஊற்றிய சில நிமிடங்களில் அவை ஜவ்வரிசிக் கஞ்சிபோல் உப்பி, வாளியைச் சாய்த்தாலும் சொட்டாத கூழாயின. சோடியம் பாலிஅக்ரிலேட் எனும் இந்தப் பொருள் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தூய நீரைப் பிடித்துவைக்கும். நீரில் உப்பு இருந்தால் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவோர் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கூழில் ஒரு கைப்பிடியைக் கலந்த செம்பருத்தித் தொட்டி, பக்கத்துத் தொட்டி வாடிய நாட்களிலும் தலைநிமிர்ந்து நின்றது. ஆனாலும் காய்கறித் தொட்டிகளில் நான் அதைச் சேர்க்கவில்லை. சோடியம் மிகுந்தால் மண்ணின் கட்டமைப்பு கெடும். சோடியம் பாலிஅக்ரிலேட்டும் எளிதில் மட்காது. வேளாண்மைக்கென்றே, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸ் எனும் தாவர நார்ப்பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய, இதேபோல் நீரைப் பிடித்துவைக்கும் பூசா ஹைட்ரோஜெல் இருக்கிறது. ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரை இடுவது பரிந்துரை.

பயன்படுத்திய டயபரை மட்டும், தயவுசெய்து, யாரும் வீட்டில் பிரிக்க வேண்டாம். வெயிலில் காயவைப்பதால் மட்டும் மலக்கிருமிகள் அழிந்துவிடுவதில்லை. பயன்படுத்திய டயபர்களை உறையில் சுற்றித்தான் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது.